மார்கழியில் திறந்த மண்டபம்

டிசம்பர் 20, புதன்

இது மண்டபத்தின் புக்கிங் டைரி. கார்த்திகை முழுக்க மாப்பிள்ளை பேர், பெண் பேர், பந்திக்கு எத்தனை இலை என்று நிரம்பிக் கிடக்கிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பக்கம் எல்லாம் காலி. என் வீட்டில் இருந்த பேப்பர் எல்லாம் கூழாகிவிட்டதால் இதில் எழுதுகிறேன்.

ஆறு ஊருக்குள் வந்து மூன்று நாள் ஆகிறது. என் வீட்டில் நெஞ்சு மட்டம் தண்ணீர். இப்போது வடிந்துவிட்டது, சகதிதான் முழங்கால் அளவு. நான் மண்டபத்து மாடியில் மேனேஜர் ரூமில் இருக்கிறேன். கீழே சாப்பாட்டுக்கூடம் போச்சு. மேலே கல்யாண ஹாலுக்கு ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. முதலாளி சென்னையில் இருந்து போன் பண்ணினார். "பலவேசம், மேல் ஹாலைப் பூட்டி வச்சிக்கிடுங்க. யாரையும் ஏத்தாதீங்க. தை முதல் முகூர்த்தத்துக்குப் பளிச்சுன்னு இருக்கணும்." சரி என்றேன்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை பிரிசில்லா வந்தாள். கூட நாலு பெண்கள், ஆளுக்கு ஒரு சாக்கு மூட்டை.

"அண்ணாச்சி, மேல் ஹால் வேணும்."

"முதலாளி பூட்டச் சொல்லிட்டாருமா."

"மார்கழியில யாருக்குக் கல்யாணம் நடக்கப் போவுது?"

சாக்கைப் பிரித்துக் காட்டினாள். பள்ளிக்கூட நோட்டுகள். செங்கல் மாதிரி ஒட்டிக் கிடந்தன. மேல் நோட்டில் ஒரு லேபிள், பேர் கரைந்து நீலமாய் ஓடியிருந்தது.

"புஸ்தகத்தை அரசாங்கம் மறுபடி குடுத்துரும். நோட்டையும் ரெக்கார்டையும் சர்டிபிகேட்டையும் யாரு குடுப்பா? மார்ச்சுல பரீட்சை. இன்னும் ரெண்டு நாள் விட்டா எல்லாம் பூஞ்சை பிடிச்சிரும்."

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டிவிட்டார்கள். சீரியல் பல்பு மாட்டுகிற கொக்கிகள் எல்லாம் உதவின. இதுவரை இருபத்தெட்டுக் கயிறு.

இவர்கள் சங்கத்துக்கு 'அடுத்த வீடு' என்று பேர். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் இல்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊருக்குள் கேட்டுக் கேட்டு, ஆளைத் திரட்டிச் செய்துவிடுவார்களாம். பதினோரு வருஷமாக இதே ஊரில் நடக்கிறது. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல்யாண வீட்டுக் கூட்டம் மட்டும்தான்.

பிரிசில்லா எல்லோருக்கும் செய்து காட்டினாள். ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போடும் கண்ணாடித் தாளை நனைந்த பக்கத்தின் மேல் விரிக்கிறாள். உள்ளங்கையால் மெல்லத் தடவுகிறாள். ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் அந்த ஒரு பக்கம் மட்டும் கண்ணாடித் தாளோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வருகிறது. கிழியவில்லை. பச்சைப் பிள்ளையைத் தூளியில் இருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள். எடுத்ததை வெறும் நியூஸ் பேப்பர் தாளில் இறக்கி, ஈரம் இழுத்த பிறகு கயிற்றில் கிளிப் போட்டாள்.

"மதுரையில ஏட்டுச் சுவடி பாக்கிற ஒரு சாரை போன்ல பிடிச்சிக் கேட்டேன்" என்றாள். "அவரு இன்னொண்ணும் சொன்னாரு. பிரிக்க முடியாததை ஐஸ்ல போட்டு வைக்கணுமாம். உறைஞ்சிட்டா பூஞ்சை வராதாம். நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பிரிக்கலாமாம்."

சாயங்காலம் மீன் வியாபாரி சேவியர் வேனில் வந்து நானூறு நோட்டுகளைப் பாலிதீன் பையில் கட்டி ஏற்றிப் போனார். கடற்கரையில் அவருடைய ஐஸ் ரூம் தப்பித்துவிட்டதாம். வஞ்சிர மீன் இருந்த தட்டில் ஊர்ப் பிள்ளைகளின் வரலாறும் வேதியியலும் உறைந்துகொண்டிருக்கின்றன.

டிசம்பர் 22, வெள்ளி

கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டேன். முதலாளிக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. ஜெனரேட்டரில் ஆறு ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவிட்ச் போர்டுக்குப் போய் மீதி முப்பத்து நாலையும் வரிசையாகப் போட்டேன். திரும்பிப் பார்த்தேன்.

ஹால் முழுக்க, மணமேடை வரைக்கும், தலைக்கு மேலே எத்தனை ஆயிரம் பக்கம் என்று தெரியாது, எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன. அந்தச் சத்தத்தை எப்படி எழுத? இருபத்திரண்டு வருஷமாக இந்த ஹாலில் நாதஸ்வரம், கெட்டிமேளம், மைக் செட், பந்திச் சண்டை எல்லாம் கேட்டிருக்கிறேன். இது மாதிரி ஒன்று கேட்டதில்லை. கீழே உட்கார்ந்து வேலை பார்த்த அறுபது எழுபது பேரும் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். செருப்போடு நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கழற்றிவிட்டு வந்தேன்.

மத்தியானம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள், தங்கபுஷ்பம். உப்பளத்து வேலைக்காரர் மகள். அவளுடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டை நானே பிரித்தேன். நாலு நாளில் எனக்கும் கை பழகிவிட்டது. பேனாவால் எழுதியது பூராவும் ஓடிப்போய்விட்டது. ஆனால் பென்சிலால் வரைந்த படம் அத்தனையும் அப்படியே இருந்தது. இதயம், சிறுநீரகம், செம்பருத்திப் பூவின் உள்பக்கம். ஒரு கோடு கலையவில்லை. ஆறு மேலே ஏறிப் போயிருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கிறது.

"பென்சில் கரையாதா?" என்று கேட்டேன்.

"அது கரி மாதிரிதானே மாமா, கரையாது" என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயசில்தான் தெரிந்தது.

டிசம்பர் 25, திங்கள்

பிரிசில்லாவும் சேவியரும் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கேக். இன்றும் முப்பது பேர் வேலைக்கு வந்தார்கள். இன்னொரு கூட்டம் ஆற்றோரத் தெருவில் வீடு வீடாகச் சகதி அள்ளி, பாயும் ஸ்டவ்வும் கொடுக்கிறது.

கோவில்பட்டியில் இருந்து இசக்கி போன் பண்ணினாள். என் ஒரே மகள். ஏழு வருஷமாக அங்கேதான் வாழ்கிறாள். மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன்.

"அப்பா, வீட்டுல பீரோவைத் திறந்து பாத்தீங்களா? அம்மா சேலை எல்லாம் அதுலதானே இருக்கு?"

"நேரம் இல்லம்மா. இங்கன மண்டபத்துல வேலை."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். ரோடு சரியில்ல."

பஸ் ஓட ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிவிட்டது.

டிசம்பர் 27, புதன்

சபுரா பேகம் டீச்சர் ஒரு ரெக்சின் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். இப்போதுதான் நிரந்தர வேலைக்குத் தேர்வாகி, ஜனவரி எட்டாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைல் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் இருந்து பி.எட். வரைக்கும் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே அட்டையாகிவிட்டது.

"டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டா மாசக்கணக்காகும்னு சொல்லுதாங்க" என்றார். "எனக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

பிரிசில்லா ஃபைலைத் திறந்து பார்த்தாள். தொடவில்லை.

"லேமினேட் பண்ணினது மூணு இருக்கு டீச்சர். அதுக்குள்ள தண்ணி போயிருக்கு. அதான் கஷ்டம். சேவியர் அண்ணன் ஐஸ்ல வச்சி, மெல்லப் பாப்போம். உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க பாருங்க. அதுவரைக்கும் நான் சும்மா இருக்க மாட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரட்டுமா? இடம் இருக்குமா?"

என்னைப் பார்த்தார்கள். மணமகள் அறையைத் திறந்துவிட்டேன்.

டிசம்பர் 28, வியாழன்

வீட்டுக்குப் போய்ப் பீரோவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். என் வீட்டுக்காரி கோமதியின் சேலைகளில் நாலு தேறும். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது, பாச்சா உருண்டை வாசம்கூடப் போய்விட்டது. லாக்கரில் ஒரு காக்கிக் கவர் இருந்தது. அதையும் எடுத்து வந்தேன். பாலிதீனில் சுற்றிச் சேவியர் வேனில், மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 30, சனி

மணமகள் அறையில் ஆளுயரக் கண்ணாடியின் மேல் சபுரா டீச்சர் மார்க்கர் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். போர்டு இல்லை. பிள்ளைகள் கண்ணாடியில் தங்கள் முகத்துக்கு நடுவே முக்கோணத்தைப் பார்க்கிறார்கள். நாற்பது பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை.

ஒரு லேமினேஷன் பிரிந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பிரிசில்லாவுக்கு அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரமும் டீச்சர் ஒரு தடவைகூட வெளியே வந்து எட்டிப் பார்க்கவில்லை. பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். நான்தான் பத்துத் தடவை எட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 1, திங்கள்

முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். காலையிலேயே போன்.

"உம்மகிட்ட ஹாலைப் பூட்டி வைக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நான்தான் திறந்தேன்."

"பொய்யாவது சொல்லித் தொலையும்வே."

"பொய் சொல்லி இனி ஒண்ணும் ஆகாது முதலாளி. ஆயிரக்கணக்கான நோட்டு காயுது. பதினாலாம் தேதிக்குள்ள காலி பண்ணி, கழுவி வச்சிருதேன். அதுக்கு அப்புறம் என்னை வேலையில வச்சிக்கிடணும்னா வச்சிக்கிடுங்க."

போனை வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 2, செவ்வாய்

கண்ணாடித் தாள் தீர்ந்துவிட்டது. "கடையில மேல் தட்டுல ஒரு கட்டு இருக்கும் அண்ணாச்சி, எடுத்துட்டு வாரீங்களா?" என்று பிரிசில்லா சாவியைத் தந்தாள்.

கடையைத் திறந்ததும் நின்றுவிட்டேன். இரண்டு ஜெராக்ஸ் மெஷினும் சகதிக்குள் சாய்ந்து கிடந்தன. கம்ப்யூட்டர், பிரிண்டர், தாள் பண்டல் எல்லாம் ஒரே மண். மேல் தட்டில் அந்த ஒரு கட்டுதான் மிச்சம். தண்ணீர் வடிந்து இரண்டு வாரம் ஆகிறது, ஒரு வாளி மண்கூட அள்ளவில்லை. இந்தக் கடையை நம்பித்தான் அவளும் அவள் அம்மாவும் சாப்பிடுகிறார்கள்.

திரும்பி வந்து கட்டைக் கொடுத்தேன். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றேன்.

"மெஷின் நாளைக்கும் செத்துத்தான் கெடக்கும் அண்ணாச்சி. நோட்டு நாளைக்குக் கெட்டுப்போயிரும்ல" என்று சொல்லிவிட்டு, தாளை அளவு பார்த்து வெட்ட ஆரம்பித்தாள்.

நான் கீழே இறங்கிப் போய் வாளியும் மண்வெட்டியும் தேடி எடுத்து வைத்தேன்.

ஜனவரி 3, புதன்

காலையில் பத்துப் பேர் போய் அவள் கடையைக் கழுவிவிட்டு வந்தோம். அவளிடம் கேட்கவில்லை.

ஐஸ் ரூமில் இருந்து வந்த வேனில் என் கவரைத் தேடி எடுத்துப் பிரிசில்லா முன்னால் வைத்தேன். "தெரிஞ்சவங்க வீட்டுது. அவசரமில்ல."

உருகும்வரை காத்திருந்து அவளே திறந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், பள்ளிக்கூட டி.சி., ஆசிரியர் பயிற்சிக்கு நிரப்பி, அனுப்பாத ஒரு விண்ணப்பம். பேரைப் படித்திருப்பாள். ப. இசக்கியம்மாள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மொத்த மார்க் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூற்று நாலு.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடையாளச் சீட்டு எடுத்து, 'மேனேஜர் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சவங்க' என்று எழுதிக் கிளிப்பில் மாட்டினாள்.

இசக்கி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சமயத்தில் வரன் வந்தது. மாப்பிள்ளை பத்தாவதுதான். பெண் மேலே படித்தால் சரிவராது என்று தரகர் சொன்னார். கோமதிக்கும் உடம்பு சரியில்லை. மார்க் ஷீட் பஸ்ஸில் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். போடவில்லை. இதே ஹாலில்தான் கல்யாணம் நடந்தது. முதலாளி வாடகை வாங்கவில்லை. அப்போது நிலைமை அப்படி.

இல்லை. நிலைமை ஒன்றும் அப்படி இல்லை. நான் ஒளித்து வைத்தேன்.

ஜனவரி 5, வெள்ளி

சபுரா டீச்சரின் பி.எட். சான்றிதழ் கடைசியாகப் பிரிந்தது. முத்திரை கொஞ்சம் மங்கல், எழுத்து முழுசாக இருக்கிறது. பிரிசில்லா அதைக் கண்ணாடித் தாளோடு தூக்கிப் பிடித்தபோது வெளிச்சம் அதன் வழியாக வந்தது. டீச்சரைக் கூப்பிட்டோம். மார்க்கரும் கையுமாக வந்து நின்றார். பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார். உள்ளே இருந்து பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து சுற்றி நின்றார்கள்.

அதே கயிற்றில், நாலு தாள் தள்ளி, இசக்கியுடையதும் காய்ந்துவிட்டிருந்தது.

ஜனவரி 8, திங்கள்

டீச்சர் திருநெல்வேலியில் இருந்து போன் பண்ணினார். அதிகாரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "இது வெள்ளத்துல இருந்ததா? எங்க சரி பண்ணினீங்க?" என்று கேட்டாராம். "கல்யாண மண்டபத்துல" என்றாராம் டீச்சர். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜனவரி 11, வியாழன்

கோவில்பட்டிக்குப் பொங்கல்படி கொண்டு போனேன். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை. பேரனும் பேத்தியும் கரும்பை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார்.

கவரை அவள் கையில் கொடுத்தேன். பிரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க."

"தொலையல. நான்தான் எடுத்து வச்சிருந்தேன். பீரோ லாக்கர்ல. தண்ணியில நனைஞ்சு ஒட்டிப்போனதை மண்டபத்துல பிரிசில்லாதான் பிரிச்சிக் குடுத்தா."

"ஏழு வருஷமா?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அது ஒன்றுக்குத்தான் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் கவரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒரு மணி நேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜனவரி 12, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. இருபது கயிறு அவிழ்த்தாயிற்று.

ஜனவரி 13, சனி

முதல் பஸ்ஸில் இசக்கி வந்து இறங்கினாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நான் வாசலில் சகதி கழுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் பேசவில்லை. மாடியேறிப் போய்விட்டாள். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

மீதிக் கயிறுகள் முழுக்கப் பக்கங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நடு ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தன் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இந்த ஹாலுக்குள் வந்தது இன்றைக்குத்தான்.

பிரிசில்லாவிடம் போனாள். "அக்கா, நான் இசக்கி. என் மார்க் ஷீட்டை நீங்கதான் பிரிச்சீங்களாம்."

"ஆமா. நல்ல தாளு. ஒத்துழைச்சுது."

"நான் என்ன செய்யணும்?"

பிரிசில்லா ஒரு கண்ணாடித் தாளை நீட்டினாள். ஐஸ் ரூமில் இருந்து வந்த கடைசிக் கட்டு உருகிக்கொண்டிருந்தது. இசக்கி தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு தடவைதான் காட்டினார்கள். பிடித்துக்கொண்டாள்.

அது தங்கபுஷ்பத்தின் கணக்கு நோட்டு. பக்கம் எழுந்து வந்ததும் அந்தப் பிள்ளை சோர்ந்துபோனாள். நடுவில் மூன்று வரி கரைந்து போயிருந்தது.

"அக்கா, இந்தத் தொகையிடல் கணக்கு போச்சு. மேல இருக்கு, விடை இருக்கு, நடுவுல ஒண்ணுமில்ல."

இசக்கி குனிந்து பார்த்தாள். உதடு அசைந்தது. "பென்சில் இருக்கா?" என்று வாங்கி, பக்கத்தில் கிடந்த வெறும் தாளில் ஒரு வரி எழுதினாள். நிறுத்தினாள். அடித்தாள். "இல்ல, இங்கன குறி மாறும், கழித்தல் வரும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி எழுதினாள். மூன்று வரி. கீழே வந்து விடையோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது.

"அக்கா, நீங்க டீச்சரா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

இசக்கி பென்சிலைத் திருப்பி நீட்டினாள். மணமகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சபுரா டீச்சர்தான், "இன்னும் இல்ல" என்றார்.

நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளையின் தலைக்குள், இது ஏழு வருஷம் அப்படியே இருந்திருக்கிறது. சமைத்து, துணி துவைத்து, இரண்டு பிள்ளை பெற்று வளர்த்த பிறகும் இருந்திருக்கிறது.

சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தாள். நான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினேன். ஐந்து மணி பஸ்ஸுக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தாள்.

"கணக்குல நூத்தித் தொண்ணூத்தெட்டுப்பா. எனக்கே மறந்துபோச்சு. நான் சுமாராப் படிச்சேன்னுதான் இத்தனை நாளா நினைச்சிக்கிட்டு இருந்தேன்."

நான் பையை மறு கைக்கு மாற்றினேன்.

"உங்க மேல கோவம் போகல. போகுமான்னும் தெரியல."

"சரிம்மா."

"அன்னைக்கு ராத்திரியே அவுககிட்டச் சொல்லிட்டேன், படிக்கப் போறேன்னு. இதை ஏன் கல்யாணத்தப்பவே சொல்லல, நானே படிக்க வச்சிருப்பேனேன்னு கேட்டாக."

பஸ் வந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டேன். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாரேன். நாலு நோட்டு பாக்கி கெடக்காம். உங்களுக்காக இல்ல, அந்தப் பிள்ளைக்காக."

"வாம்மா" என்றேன்.